அழுத்தக்காரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் சீட்டுக் கொடுப்பவர் முதல் மாடியில் ரத்தம் எடுக்கும் பெண் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அழுத்தக்காரிதான். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அந்த மட்டுக்கும் மரியாதை உண்டு. ஆனால் அத்தனை நீள நடைக்கூடத்தில் பேசுகிற பேச்சு காதில் விழாமல் எங்கே போகும்? பதினோரு வருஷமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், மனசில் இருப்பதை லேசில் வெளியே விடாதவள் என்பதால் அந்தப் பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் பேர் வந்த கதை வேறு. ஸ்கேன் எடுக்கும்போது கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடித்தாள், அதனால் படம் கெட்டது, அதனால் அவளுடைய சொந்த அக்காவின் மார்பில் இருந்த நோய் தெரியாமல் போனது என்று ஒரு பெரிய மனிதர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஒட்டிய பேர் அது.

அந்தப் பெரிய மனிதருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. கழுகு. ஸ்கேன் துறைக்கே தலைமை டாக்டர். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே சம்பாதித்துக்கொண்ட பேர். அவளுக்கு ஒட்டியது அவமானம், அவருக்கு ஒட்டியது பெருமை. இந்த உலகத்தில் பேர் வைக்கிற வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறார்களோ, அவர்களை ஒரு நாள் நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

அவள் வேலை செய்யும் அறை கீழ்த்தளத்தில், நடையின் கடைசியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சக்கரம் வைத்த மெஷின், சுவரில் இன்னொரு திரை. மார்பில் தடவுகிற கூழ்ப் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கவைத்திருப்பாள். பயந்துபோய் வருகிற பெண்கள் மேல் சில்லென்று எதையாவது வைத்தால் உடம்பு இறுகிப்போகும், படம் ஒழுங்காக வராது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாதாரண ஸ்கேன் கட்டியின் உருவத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். உருண்டையா, ஓரம் மழமழவென்று இருக்கிறதா, பிய்ந்து பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது மட்டும் போதாது. நல்ல பிள்ளை மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கும் கட்டியிலும் விஷம் இருக்கும். அதனால்தான் இரண்டாவது படம். டாக்டர் விரலால் அமுக்கிப் பார்க்கிற வேலையையே மெஷின் செய்கிறது. கருவியை வைத்து லேசாக அசைத்தால் மெத்தென்ற சதை நெளிந்து கொடுக்கும், கெட்டியான சதை நெளியாது. அந்த வித்தியாசத்தைக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் நிறமாகப் பூசிக் காட்டும். பெரும்பாலும் கெட்டியாக இருப்பதுதான் கெட்டது. கெட்டியென்று தெரிந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். கட்டி கெட்டியா, மெத்தா? அந்த அறையில் கேட்கிற கேள்வி அவ்வளவுதான்.

இதில் கை ரொம்ப முக்கியம். அழுத்திப் பிடித்தால் நல்ல சதையும் இறுகிக் கெட்டியாகத் தெரியும், கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் மறைந்துபோகும். தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் கை வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். அவளுக்கு அந்தக் கை பிறவியிலேயே இருந்தது. அப்படிப்பட்ட கையைப் பார்த்துத்தான் அழுத்தம் என்று எழுதினார் அந்த மகானுபாவர்.

நடந்தது இதுதான். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புது மெஷின் கொண்டுவந்து வைத்தார்கள். பழையதில் கெட்டியான இடம் சிவப்பு, மெத்தென்ற இடம் நீலம். புதியதைச் செய்த கம்பெனிக்காரன் நேர் எதிராக வைத்திருந்தான்: நீலம் கெட்டி, சிவப்பு மெத்து. மெஷின் ஆளுக்கொரு விதம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழப்பம் வரக்கூடாதென்று திரையின் ஓரத்தில் ஒரு நிறப் பட்டை போட்டு, எந்த முனை கெட்டி எந்த முனை மெத்து என்று எழுதியும் வைத்திருந்தான். படிக்கிறவர் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மெஷின் வந்து இரண்டு வாரத்தில் அக்கா வந்தாள். தையல் கடை வைத்திருந்தவள். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், ஒரு மணி நேரத்தில் கடை திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் படுத்தாள். கட்டி உருண்டையாக, அழகாக இருந்தது. நிறப் படத்தில் கரு நீலமாக விழுந்தது. அவள் பட்டையைப் பார்த்தாள். நீலம் கெட்டி என்று இருந்தது. அந்த நேரம் கழுகு உள்ளே வந்தார், நின்றவாக்கில் திரையைப் பார்த்தார், நீலம்தான், மெத்தென்று இருக்கிறது, ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார். சார், கெட்டி மாதிரி, என்று அவள் வாயெடுத்தாள். படம் எடுப்பது உன் வேலை, படிப்பது என் வேலை என்று வெட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் அவள் பேசவில்லை. மெஷின் புதிது, தனக்குத்தான் தப்பாகப் புரிந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அக்கா கேட்டபோது டாக்டரே சொல்லிவிட்டார் என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே கடை திறக்கப் போனாள்.

பட்டையைப் பார்த்ததை, சந்தேகம் வந்ததை, வாயை மூடிக்கொண்டதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூட இல்லை.

பத்து மாதத்தில் அக்காவுக்கு அக்குளிலும் கட்டி வந்தது. ஒன்றரை வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். அத்தான் சும்மா விடவில்லை, எழுதிப் போட்டார், விசாரணை வந்தது. மெஷினில் இருந்த படங்களைப் பழுது பார்க்கும்போது அழித்துவிட்டார்கள். கோப்பில் மிச்சமிருந்தது கறுப்பு வெள்ளையில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம். நீலமா சிவப்பா என்று அதில் எந்தக் கழுகுக்கும் தெரியாது. அவர் சொன்னார், அழுத்திப் பிடித்து எடுத்த படம், அதை வைத்து யாரும் சரியாகப் படித்திருக்க முடியாது என்று. அவள், நான் சரியாகத்தான் எடுத்தேன், அவர்தான் தப்பாகப் படித்தார் என்றாள். தப்பு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தவர் கேட்டார். தெரியும் என்றால், தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து முந்தின கேள்வியில் தோற்றாள்.

ஸ்கேன் அறையிலிருந்து தூக்கிப் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் மூன்று வருஷம் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். அங்கேதான் மெஷின்களைப் பழுது பார்த்த குறிப்பேடு அவள் கையில் கிடைத்தது. அக்காவுக்கு நோய் முற்றியது தெரிந்தபின், விசாரணை என்ற பேச்சு எழும் முன்பே ஒரு தேதியில், ஒரு வரி எழுதியிருந்தது. எல்லா மெஷினிலும் கெட்டி என்பது சிவப்பு என்று மாற்றப்பட்டது, உத்தரவு தலைமை டாக்டர். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

ஆக, மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே சறுக்கினோம் என்று நன்றாகத் தெரிந்து, சத்தமில்லாமல் மெஷினைத் திருத்தி வைத்துவிட்டு, பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டிருக்கிறார். தெரியாமல் செய்த தப்பு என்றால் காலப்போக்கில் மன்னித்திருப்பாளோ என்னவோ. அந்த ஒரு வரியைப் படித்த பிறகு மன்னிப்பு என்ற சொல்லே அவள் வாய்க்கு மறந்துபோனது. அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மாற்றினேன் என்பார், அதற்கும் கைதட்டு வாங்குவார்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை வந்து, அவளைத் திரும்ப ஸ்கேன் அறைக்கே அனுப்பினார்கள். அன்றிலிருந்து எட்டு வருஷம் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சார் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாள் அவளுக்கு நல்ல நாள். அவர் தும்மினால் அது காய்ச்சலாக மாறாதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் ஓட்டுகிற புருஷன், "தூக்கத்துல பல்லைக் கடிக்கறியே, யாரைக் கடிக்கற?" என்று கேட்பான். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பாள்.

இந்த வன்மம் வெறும் வன்மமாக இருந்தால் அவளோடு போகட்டும் என்று விடலாம். அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள். அம்மா போகும்போது பதினைந்து வயது, இப்போது இருபத்தாறு. தாய்க்குச் சின்ன வயதிலேயே வந்திருப்பதால் அவளையும் பார்க்க வேண்டும் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். எங்கம்மாவுக்கும்தான் ஸ்கேன் எடுத்தாங்க, என்ன கிழிச்சாங்க என்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அத்தான் போன் பண்ணி, குளிக்கும்போது இடது பக்கம் ஏதோ தட்டுப்படுகிறதாம், நீயாவது சொல்லிப் பார் என்றார். இவள் ஓடினாள். வாசல் கதவைப் பாதி திறந்து நின்ற பெண், "எங்க அம்மாவை அழுத்திப் பார்த்த கை இருக்கே, அது என் மேல படவேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

படியில் நின்றபடி அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தப் பெண் கட்டிலில் படுக்க வேண்டுமென்றால் உண்மை தெரிய வேண்டும். இவள் சொன்னால் நம்ப மாட்டாள். எழுதியவர் வாயாலேயே வர வேண்டும். அந்த மனிதரின் தொண்டைக்குள் கை விட்டாவது அதை வெளியே எடுப்பது என்று அன்றைக்குத் தீர்மானித்தாள்.

வாய்ப்பு தானாக நடந்து வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூக்குக்கண்ணாடியும் கைத்தறிச் சேலையுமாக ஓர் அம்மாள் சீட்டோடு வந்து நின்றார். கழுகின் மனைவி. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கமாகப் படம் படிக்கிற இளைய டாக்டர் அன்றைக்கு விடுப்பு. இன்னொரு ஸ்கேன்காரிக்கும் காய்ச்சல். மேலேயிருந்து கழுகு போனில் பேசினார், படத்தை எடுத்து வை, நானே வந்து பார்க்கிறேன் என்று. சரி சார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாங்க சார் என்றாள். குரலில் தேன் ஒழுகியது, அவளுக்கே ஆச்சரியம்.

டீச்சரம்மா சும்மா படுக்கிற ஆள் இல்லை. கூழ் ஏன் சூடாக இருக்கிறது, மெஷின் எந்த வருஷத்தியது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பயத்தை மறைக்கிற பேச்சு அது, அவளுக்குத் தெரியும். கருவியை வைத்தாள். கட்டி இருந்தது. உருண்டையாக, மழமழவென்று, அக்காவுடையதன் கூடப்பிறந்தது மாதிரி. நிறப் படத்துக்கு மாற்றினாள். ரத்தச் சிவப்பாக விழுந்தது. மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் சிவப்பு. இது மெத்தென்ற கட்டி இல்லை, உடனே ஊசிச் சோதனைக்குப் போக வேண்டிய கட்டி.

"இந்தச் சிவப்பு என்னம்மா?" என்று டீச்சரம்மா சுவர்த் திரையைக் காட்டிக் கேட்டார்.

டாக்டர் சொல்வார் என்றாள். நீங்கள் எல்லோரும் இதையே சொல்லுங்கள் என்று டீச்சரம்மா அலுத்துக்கொண்டார்.

மெஷினில் நிறத்தைத் தலைகீழாக மாற்றுகிற பட்டன் ஒன்று இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. நடையில் கழுகின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் அதைத் தட்டினாள். சிவப்பு நீலமானது. ஓரத்துப் பட்டையும் கூடவே புரண்டு, நீலம் கெட்டி என்று காட்டியது. படத்தில் பொய் எதுவும் இல்லை. அக்காவுக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பட்டையைப் பார்த்தால் தப்பித்துக்கொள்ளட்டும். பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கழுகு வந்தார். மனைவியின் நெற்றியில் கை வைத்தார். பாசக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. நின்றவாக்கில் திரையை ஒரு பார்வை பார்த்தார். "நீலம். மெத்துன்னு இருக்கு. ஒண்ணுமே இல்ல, வீணாப் பயந்துட்ட" என்றார். அறிக்கைத் தாளைக் கேட்டு வாங்கி, மெத்தென்ற கட்டி, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

டீச்சரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை என்றார், அலமாரியில் எது யாருக்கு என்று மனசுக்குள் பங்கு பிரித்து வைத்துவிட்டேன் என்றார், பக்கத்தில் நின்ற அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும் என்றார். இப்போது பட்டையைக் காட்ட வேண்டியதுதான். எட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் கழுகு வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டே மெல்ல ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் பாடட்டும் என்று விட்டாள். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். இவரும் ஒன்றரை வருஷம் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுமே என்று, அந்த அம்மாளின் கை தன் கைக்குள் இருக்கும்போதே தோன்றியது. அவள் நல்லவள் என்று இந்தக் கதையில் யாரும் சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சரம்மா சுவரைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். நீங்க வர்றதுக்கு முன்னாடி அது சிவப்பா இருந்துச்சு. இந்தப் பொண்ணு ஒரு பட்டனைத் தட்டினதும் நீலமாச்சு. எது சரி?"

வாஷ்பேசினில் ராகம் நின்றது. கழுகு திரும்பினார், திரைக்குக் கிட்டே வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓரத்துப் பட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் சொட்டும் கையோடு அப்படியே நின்றார். அவள் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

பிறகு அவருக்குக் குரல் வந்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறாய், உன்னை இந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் செய்கிறேன் என்று கத்தினார்.

"செய்ங்க சார். வேணும்னேதான் செஞ்சேன். பட்டையில எழுதியிருக்கறதைப் பார்க்காம கையெழுத்துப் போட்டது யாரு?" என்றாள் அவள்.

டீச்சரம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முதலில் எனக்குப் பதில் சொல்லுங்கள், அது நல்லதா கெட்டதா என்றார். அவள்தான் சொன்னாள். கட்டி கெட்டியாக இருக்கிறது, கெட்டி என்பதாலேயே புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாமல் இன்றைக்கே செய்துவிடலாம், இந்த அளவில் பிடித்தால் பிழைக்கிறவர்கள்தான் அதிகம் என்றாள். அந்த அம்மாள் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"கெட்டதை நேராச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். நடுவுல அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருக்க விட்டியே, அதுக்கு நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்றாள். பண்ணியது இவர் என்றாள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கட்டிலில் தன் அக்கா படுத்திருந்ததையும், இதே நீலத்தை இதே மாதிரி படித்ததையும், மெஷினைச் சத்தமில்லாமல் மாற்றிவைத்ததையும், அழுத்தம் என்று எழுதியதையும் சொன்னாள். குறிப்பேட்டின் தேதியைக்கூடச் சொன்னாள். டீச்சரம்மா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் புருஷனைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்ட கண் அது.

"உண்மையா?"

கழுகு ஈரக் கையை டாக்டர் கோட்டில் துடைத்துக்கொண்டார். "உண்மைதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்! கேட்டதும் நெஞ்சு நிறைந்தது. பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. வயதான மனிதர் இடிந்துபோய் நாற்காலியைத் தேடுவதைப் பார்த்தாள், நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நாற்காலியை நகர்த்திக்கூடப் போடவில்லை.

ஆனால் அவளுக்கு வேண்டியது இன்னும் மிச்சமிருந்தது. போனை எடுத்து அக்கா மகளின் எண்ணைத் தட்டினாள். எடுக்க மாட்டாளோ என்று பயந்தாள். ஐந்தாவது மணியில், சொல்லுங்க என்று குரல் வந்தது. உன் அம்மாவுக்கு ஸ்கேன் படித்த டாக்டர் பேசுகிறார், ஒரே நிமிஷம் கேள், அப்புறம் நீ ஆயுசுக்கும் என்னிடம் பேச வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரைப் போட்டு, கழுகின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இப்ப சொன்னதை இங்கயும் சொல்லுங்க சார்."

கழுகு மனைவியைப் பார்த்தார். டீச்சரம்மா தலையசைத்தார். அவர் போனைப் பார்த்துக் குனிந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "உங்க அம்மா படத்தைத் தப்பாப் படிச்சது நான்தான். நிறத்தை மாத்திப் படிச்சுட்டேன். உங்க சித்தி அழுத்திப் பிடிக்கல. அவ கையில எந்தத் தப்பும் இல்ல. படம் சரியாத்தான் இருந்துச்சு." அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போனைத் திரும்ப எடுக்கப் போனாள். அவர் நிறுத்தவில்லை. "அவ அப்பவே கெட்டி மாதிரி இருக்கேன்னு சொல்ல வந்தா. எது கெட்டின்னு திரையில எழுதியிருந்த பட்டையைப் பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்கணும். நான்தான் காது கொடுக்கல."

நியாயமாக எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாரா, போகிற போக்கில் அவளையும் ஒரு குத்துக் குத்தினாரா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அக்கா மகள் போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தாள், வைக்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அக்கா மகள்.

பதினோரு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினாளோ அந்தக் கேள்வி. அறையில் இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகமாகத்தான் இருந்தது என்று சொல்லலாம். மெஷின் புதுசு என்று சொல்லலாம். பயந்துவிட்டேன் என்று அழலாம்.

"தெரியும்" என்றாள்.

"அவர் பார்க்கல. நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டு எங்க அம்மாவைக் கடை திறக்க அனுப்பிட்டீங்க."

ஆமாம் என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கழுகைக் குத்துவதற்கென்று இத்தனை வருஷம் தீட்டிய கத்திக்கு இன்னொரு பக்கமும் கூர் இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற தகுதியில் தான் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. வீட்டு வாசல் பக்கம் வராதேன்னு சொல்லு, வரல. ஆனா அந்தக் கட்டியைப் பார்க்காம விடாத. வேற யாரையாவது எடுக்கச் சொல்றேன், நான் அந்த அறையிலயே இருக்க மாட்டேன்" என்றாள்.

டீச்சரம்மா தான் கொண்டுவந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேற யாரும் வேண்டாம். நீங்களே எடுங்க" என்றாள் அக்கா மகள். குரலில் கொஞ்சமும் கனிவு இல்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு வரேன். எடுக்கும்போது என்ன தெரியுதோ அதை அப்பவே, என் மூஞ்சியைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்லணும். டாக்டர் சொல்வார்னு சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

"சொல்றேன்" என்றாள் அவள்.